டெர்மினலில் நிலைத்த பணிக்களம்: ஸெல்லிஜைக் கையாளும் முறை

தொலைவிலுள்ள சர்வர் ஒன்றில் எஸ்.எஸ்.எச். வழியாகப் புகுந்து, பல மணி நேரம் ஓடவேண்டிய ஒரு காரியத்தை, உதாரணமாகப் பெரியதொரு டேட்டாபேஸைப் புதிய வடிவுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவைத்த பின், பாதி வழியில் இணைப்பு அறுந்துபோக, அதனோடு அந்தக் காரியமும் மடிந்துவிடுவதை டெர்மினலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அனுபவித்திருப்பார்கள். அறுந்தது நம் வீட்டுக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள இணைப்பு. வேலை ஓடிக்கொண்டிருந்ததோ சர்வரின் உள்ளே. அப்படியிருக்க ஒன்றின் முடிவு மற்றதன் முடிவாக ஏன் ஆகவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஸெல்லிஜ் போன்றதொரு சாதனத்தைக் கற்கப் புகுந்தால் விசைகளை மனப்பாடம் செய்வதிலேயே காலம் கழியும். ஆகையால் விசைகளுக்கு முன் காரணத்தைப் பார்த்துவிடுவோம்.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கியபோது, மனிதர் கணினியோடு உரையாடுவதற்கு இருந்த சாதனம் டெலிடைப் என்னும் தட்டச்சு யந்திரமே. 1963-இல் வெளிவந்த அதன் 33-ஆம் மாடல், விநாடிக்குப் பத்து எழுத்துகள் வீதம் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளியது. தொலைவில் இருந்தவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை எட்டினார்கள். அவர்களில் ஒருவர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டாலோ கம்பி அறுந்துவிட்டாலோ, அவர் பொருட்டு ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் கேட்பாரற்றுக் கணினியின் காலத்தையும் நினைவகத்தையும் பிடித்துக்கொண்டிராதபடி, தொடர்பு அறுந்தது என்னும் சமிக்ஞையைக் கர்னல் அவற்றுக்கு அனுப்பும். அதற்கென்று தனி ஏற்பாடு செய்துகொள்ளாத புரோகிராம் சமிக்ஞையைப் பெற்ற அக்கணமே முடிந்துவிடும். 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் வி.டி.100 வந்து, காகிதத்தின் இடத்தை வரிக்கு 80 எழுத்துகள் வீதம் 24 வரிகள் கொண்ட கண்ணாடித் திரை பிடித்தது. பிற்காலத்தில் அந்தப் பெட்டியும் மறைந்து, நம் கணினியின் ஒரு ஜன்னலே டெர்மினலாக வேஷம் பூண்டது. கருவி இத்தனை முறை மாறியும் அந்தச் சமிக்ஞை மாறவில்லை. ஜன்னலை மூடினாலும் இணைப்பு அறுந்தாலும், தொலைபேசி கீழே வைக்கப்பட்டதாகவே கர்னல் இன்றும் பாவிக்கிறது. அன்றைக்கு அது விவேகமான ஏற்பாடு. இணைப்பு அடிக்கடி அறுவதும் வேலை நெடுநேரம் ஓடுவதும் சகஜமாகிவிட்ட நமக்கு அதுவே இடையூறு.

இதற்குப் பரிகாரம் கண்டவர்கள் கர்னலைத் திருத்தப் புகவில்லை. ஷெல்லுக்கும் நம் ஜன்னலுக்கும் நடுவே ஒரு புரோகிராமை நிறுத்தினார்கள். அந்தப் புரோகிராம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி பின்னணியில், எந்த ஜன்னலையும் சாராமல் ஓடும். ஷெல்லுக்கு ஒரு போலி டெர்மினலை அமைத்துக் கொடுத்து, அது எழுதுவதையெல்லாம் வாங்கித் திரையின் சித்திரத்தைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டிருக்கும். மற்றொரு பகுதி நம் ஜன்னலில் ஓடும். முதற்பகுதி வைத்திருக்கும் சித்திரத்தை நமக்குக் காட்டி, நாம் அழுத்தும் விசைகளை அதனிடம் சேர்ப்பிப்பது மட்டுமே இதன் உத்தியோகம். இணைப்பு அறுந்தால் மடிவது இந்த இரண்டாம் பகுதிதான். ஷெல்லைப் பொறுத்தவரை அதன் டெர்மினல் அசையாமல் இருப்பதால், அறுபட்ட செய்தி அதற்கு எட்டுவதே இல்லை. பின்னணிப் பகுதி காத்துவரும் இந்த முழு அமைப்புக்குச் செஷன் என்று பெயர். வேலை வேறு, அதைப் பார்க்கும் கண் வேறு என்னும் இந்தப் பிரிவினையே இந்த அத்தியாயத்தின் சாரம். மற்றவை யாவும் அதிலிருந்து கிளைப்பவை.

மல்டிபிளெக்ஸர் எனப்படும் இவ்வகைச் சாதனங்களில் பரவலாகப் புழங்கிய முதலாவது, 1987-இல் ஜெர்மனியில் ஆலிவர் லவ்மன் என்பவரால் எழுதப்பட்டுப் பின்னர் க்னூ திட்டத்தின் அங்கமான ஸ்கிரீன். அடுத்து நிக்கோலஸ் மாரியட் 2007-இல் தொடங்கிய டீமக்ஸ் வந்தது. 2009-இல் வெளியான ஓப்பன்பி.எஸ்.டி. 4.6-இன் மூல அமைப்பிலேயே அது இடம்பெற்று, இன்று சர்வர்களைப் பராமரிப்பவர்களின் கைக்கருவியாக விளங்குகிறது. மூன்றாவது, ஆராம் ட்ரெவெகெனின் தொடங்க, பலர் கூடி ரஸ்ட் மொழியில் எழுதிவரும் ஸெல்லிஜ். மொராக்கோவின் ஓட்டுச் சித்திர வேலைப்பாட்டின் பெயரைத் தாங்கி 2021-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இதன் மூலநிரல் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் யாவருக்கும் திறந்திருக்கிறது. இதன் ஆசிரியர்கள் இதை டெர்மினல் பணிக்களம் என்றே அழைக்கிறார்கள். திரையைக் கட்டங்களாகப் பங்கிடுவதோடு நில்லாமல், ஒரு திட்டத்துக்கு வேண்டிய கட்டங்களையும் அவற்றில் ஓடவேண்டிய கட்டளைகளையும் ஒரே ஏற்பாடாகக் காத்துத் தருவது அவர்களுடைய நோக்கம்.

மூன்றில் ஸெல்லிஜை நான் இந்த நூலுக்குத் தேர்ந்தெடுத்ததன் முதற்காரணம் அதன் அடிவரி. ஸ்கிரீனையோ டீமக்ஸையோ முதன்முதலாகத் திறப்பவர் முன் தோன்றுவது ஏறக்குறைய வெறுந்திரை. எந்த விசையை அழுத்தினால் என்ன நிகழும் என்பதைக் கையேட்டைப் புரட்டித்தான் அறியவேண்டும். ஸெல்லிஜோ, இக்கணத்தில் எந்தெந்த விசைக்கு என்னென்ன பலன் என்பதைத் திரையின் அடியில் எழுதிக்காட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குப் போனதும் அந்த எழுத்தும் அதற்கேற்ப மாறுகிறது. ஆரம்ப தசையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. பழகிய பின்னும் எப்போதோ ஒரு முறை வேண்டப்படும் விசை அங்கேயே கண்ணில் படுமாதலால் நினைவுக்குச் சுமை குறைகிறது.

முதல் அப்பியாசம்

லினக்ஸிலும் மாக்கிலும் இதை நிறுவிக்கொள்வது எளிது. பல விநியோகங்களின் களஞ்சியங்களில் கிடைக்கிறது. மாக்கில் ஹோம்ப்ரூ வழியாகக் கிடைக்கிறது. ரஸ்ட் கருவிகள் ஏற்கெனவே உள்ளவர் கார்கோவைக் கொண்டு தொகுத்துக்கொள்ளலாம். எதற்கும் வழியில்லாத சர்வரில், திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்திலிருந்து தொகுக்கப்பட்ட ஒற்றைக் கோப்பை இறக்கி, பின் என்னும் பெயருள்ள உங்கள் சொந்த அடைவில் வைத்து, இயக்கும் அனுமதி கொடுத்தாலே போதும். நிர்வாகியின் அதிகாரம் தேவையில்லை. விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூ.எஸ்.எல். என்னும் லினக்ஸ் அமைப்பினுள் இதை வைத்துக்கொள்ளலாம்.

கட்டளைகளை உச்சரிக்கும் வண்ணமே தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுக. வெறுமனே ஸெல்லிஜ் என்று தட்டினால், சாதனம் தானாக ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டு புதிய செஷன் ஒன்றைத் திறந்துவிடும். இந்தப் பழக்கம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான்கு நாள் கழித்துத் திரும்பி வருபவர், சம்பந்தமற்ற பெயர்கள் நிறைந்த பட்டியலைப் பார்த்து எதில் எந்த வேலை ஓடுகிறது என்று திகைப்பார். அதைவிட, ஸெல்லிஜ் அட்டாச் என்று எழுதி, அதை அடுத்து கிரியேட் என்னும் தெரிவை இரட்டைக் கோட்டுடன் சேர்த்து, இறுதியில் திட்டத்தின் பெயரைத் தாருங்கள். அந்தப் பெயரில் செஷன் ஏற்கெனவே இருந்தால் அதனுள் அழைத்துச் செல்லும். இல்லாவிடில் புதிதாக நிர்மாணித்துத் தரும். காலையில் தொடங்குவதற்கும் இணைப்பு அறுந்தபின் திரும்புவதற்கும் ஒரே கட்டளையாக ஆகிவிடுவது இதன் பெரும் சௌகரியம். திட்டத்துக்கு ஒரு செஷன், பெயரில் திட்டத்தின் பெயர் என்ற நியமத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

உள்ளே புகுந்ததும் அடிவரியைக் கவனியுங்கள். கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தவேண்டிய எழுத்துகளும், ஒவ்வொன்றும் திறக்கும் நிலையின் பெயரும் அங்கே வரிசையாகக் காணப்படும். கட்டங்களைக் கையாளும் நிலை, டேப்களைக் கையாளும் நிலை, அளவை மாற்றும் நிலை, இடம் மாற்றும் நிலை, பின்னோக்கிப் பார்க்கும் நிலை, செஷனைக் கையாளும் நிலை, பூட்டு என அவை அமையும். ஒரு நிலையினுள் புகுந்தால் அங்கே ஒற்றை எழுத்துகளே கட்டளைகள். கட்ட நிலைக்குப் போய் வலப்புறம் புதிய கட்டம் திறக்கலாம், கீழே திறக்கலாம், இருக்கும் கட்டத்தைத் திரை முழுவதும் விரிக்கலாம், அதற்குப் பெயரிடலாம், மூடலாம். ஆங்கில எழுத்துகளில் இரண்டிரண்டு தமிழில் ஒரே ஒலியாகத் தோன்றுமாதலால் எழுத்தை அடிவரியிலேயே பார்த்துக்கொள்வது உத்தமம்.

இவை யாவற்றையும் முதல் வாரத்திலேயே கற்க முயல்வது வீண் சிரமம். அவசியமானவை சிலவே. ஆல்ட் விசையோடு என் என்னும் எழுத்தை அழுத்தினால் புதிய கட்டம் திறக்கும். அதை எங்கே வைப்பது என்பதை ஸெல்லிஜே தீர்மானித்துக்கொள்ளும். ஆல்ட் விசையோடு அம்பு விசைகளை அழுத்தினால் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு நகரலாம். ஆல்ட் விசையோடு சதுர அடைப்புக்குறிகளை அழுத்தினால், திறந்திருக்கும் கட்டங்களின் அடுக்குமுறை ஒன்றன்பின் ஒன்றாக மாறும்: பக்கம் பக்கமாக, மேலும் கீழுமாக, அல்லது தலைப்புவரிகள் மட்டும் தெரிய ஒன்று மட்டும் விரிந்திருக்கும் அடுக்காக. ஆல்ட் விசையோடு எஃப் அழுத்தினால் மற்றக் கட்டங்களின் மேலே மிதக்கும் கட்டம் தோன்றும். மறுமுறை அழுத்தினால் மறையும். மறைந்தாலும் அதனுள் ஓடும் புரோகிராம் நின்றுவிடுவதில்லை. எடிட்டரில் ஆழ்ந்திருக்கும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவோ, கிட் நிலவரத்தைக் கேட்கவோ இந்த மிதக்கும் கட்டம் அத்தனை உகந்தது. வேலையின் நடுவே திரையின் அமைப்பைக் குலைக்காமல் வந்து போவதால் சிந்தனையின் தொடர்ச்சி கெடுவதில்லை.

விலகுவதும் முடிப்பதும்

இனி, இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் மறக்கலாகாத விஷயத்துக்கு வருகிறேன். செஷனை விட்டு வெளியேற இரண்டு வழிகள் உள்ளன. இரண்டின் விளைவுகளும் நேர்மாறானவை. செஷன் நிலைக்குப் போய் டிட்டாச் என்பதைத் தேர்ந்தால், கண் மட்டும் விலகும். வேலை உள்ளே நடந்துகொண்டே இருக்கும். க்விட் என்று அடிவரியில் காட்டப்படும் விசையை அழுத்தினாலோ, செஷனே முடிவுறும். அதனுள் ஓடிய யாவும் உடன் முடியும். பழக்கம் இல்லாதவர் அன்றைய வேலை முடிந்ததென்ற எண்ணத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, விடியும்வரை ஓடியிருக்கவேண்டிய காரியத்தை இழப்பதுண்டு. அதனால் முதல் நாளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில், விநாடிக்கு ஒரு முறை நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டளையை ஓடவிடுங்கள். டிட்டாச் செய்து வெளியே வந்து, ஸெல்லிஜ் எல்.எஸ். என்று தட்டி, செஷன் பட்டியலில் உயிரோடிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மறுபடி அட்டாச் செய்து பாருங்கள். நீங்கள் இல்லாத வேளையிலும் நேரம் இடைவிடாது பதிவாகியிருக்கும். அடுத்து, டிட்டாச் செய்யாமலே டெர்மினல் ஜன்னலை மூடிவிட்டுத் திரும்பி வாருங்கள். இப்போதும் வேலை அப்படியே இருக்கும். ஜன்னல் பலவந்தமாக மூடப்பட்டால் அதை விலகலாகவே எடுத்துக்கொள்வது ஸெல்லிஜின் இயல்பான ஏற்பாடு. இந்தச் சோதனையைத் தம் கையால் செய்து பார்த்தவருக்கு இணைப்பு அறுவதைப் பற்றிய அச்சம் நீங்கிவிடும்.

தொலைவிலுள்ள வேலைக்குச் செஷன் எங்கே இருக்கவேண்டும் என்பதையும் தெளிந்துகொள்ள வேண்டும். உங்கள் மடிக்கணினியில் ஸெல்லிஜைத் திறந்து, அதன் ஒரு கட்டத்திலிருந்து சர்வருக்குள் புகுந்தால், காக்கப்படுவது மடிக்கணினியின் ஷெல்லே. இணைப்பு அறுந்தால் சர்வரிலுள்ள வேலை பழையபடி மடியும். முதலில் சர்வருக்குள் புகுந்து, அங்கே ஸெல்லிஜைத் திறக்கவேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. லினக்ஸ் சர்வர்களில் பயனர் வெளியேறியதும் அவருடைய புரோகிராம்கள் யாவற்றையும் முடித்துவிடும்படி சிஸ்டம்டி அமைப்பு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கலாம். 2016-இல் வெளியான அதன் 230-ஆம் பதிப்பு இதையே இயல்பான ஏற்பாடாக ஆக்கியபோது, ஸ்கிரீனையும் டீமக்ஸையும் நம்பியிருந்தவர்கள் பெரிதும் ஆட்சேபித்தார்கள். டெபியன் போன்ற விநியோகங்கள் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டன. டிட்டாச் செய்து வெளியேறிய பின் செஷன் காணாமற் போகிறதென்றால், ஸெல்லிஜைச் சந்தேகிக்குமுன் இந்த ஏற்பாட்டைப் பற்றி நிர்வாகியிடம் விசாரியுங்கள்.

விசைகளின் மோதலும் பூட்டும்

ஸெல்லிஜின் மேல் சொல்லப்படும் குறைகளில் நியாயமானது ஒன்று உண்டு. ஸ்கிரீனும் டீமக்ஸும் தமக்கென்று ஒரே ஒரு முன்விசையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை உள்ளே ஓடும் புரோகிராமுக்கு விட்டுவிடுகின்றன. ஸெல்லிஜோ கண்ட்ரோல் விசையோடு சேர்ந்த பல எழுத்துகளைத் தானே எடுத்துக்கொள்கிறது. பாஷ் ஷெல்லில் முந்தைய கட்டளையை வரவழைக்கும் விசையும், விம் எடிட்டரில் பின்னுக்குத் தாவும் விசையும் இவ்விதம் பறிபோகின்றன. நெடுநாள் பழகிய விரல்கள் இதனால் தடுமாறுவது இயல்பே.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது பூட்டு: கண்ட்ரோல் விசையோடு ஜி அழுத்தினால் நிலைகளைத் திறக்கும் அந்த விசைகள் யாவும் உள்ளே ஓடும் புரோகிராமையே சேரும், மறுமுறை அழுத்தினால் ஸெல்லிஜ் அவற்றைத் தன் வசமாக்கிக்கொள்ளும். சர்வரில் ஒரு ஸெல்லிஜும் மடிக்கணினியில் ஒன்றுமாக ஒன்றனுள் ஒன்று இருக்கும்போதும் வெளியே உள்ளதைப் பூட்டி வைப்பதே வழி. இரண்டாவது, 2024-இல் வந்த 0.41-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் மாற்று ஏற்பாடு. அதில் எப்போதும் பூட்டிய நிலையே இயல்பு. வேண்டும்போது பூட்டைத் திறந்தால், ஒரு காரியம் முடிந்ததும் பெரும்பாலும் தானாகவே பூட்டிய நிலைக்குத் திரும்பும். செஷன் நிலையில் உள்ள கான்ஃபிகரேஷன் பகுதியில் இதைத் தேர்ந்துகொள்ளலாம். விம், ஈமாக்ஸ் போன்ற எடிட்டர்களில் நாள் முழுவதும் இருப்பவர்கள் முதல் நாளே இதற்கு மாறிக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு முந்தைய ஏற்பாடே விரைவானது. டீமக்ஸில் பழகி வந்தவர்களுக்கு அதன் முன்விசையையே ஏற்று, அதன் பிரதான கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் தனி நிலையும் ஸெல்லிஜில் இருக்கிறது.

லேஅவுட் என்னும் வரைபடம்

பணிக்களம் என்னும் பெயருக்கு ஸெல்லிஜ் பாத்தியதை பெறுவது லேஅவுட்டினால்தான். ஒரு வலைத் திட்டத்தில் வேலை செய்பவருக்குத் தினமும் வேண்டுபவை அநேகமாக ஒன்றே: ஒரு பெரிய கட்டத்தில் எடிட்டர், அதன் அருகே சோதனைக்கான சர்வர், அதன் கீழே டெஸ்ட்களை ஓட்டும் கட்டம், மற்றொரு டேபில் டேட்டாபேஸும் அதன் லாகும். ஒவ்வொரு நாளும் இவற்றைக் கையால் திறந்து, உரிய அடைவுக்குப் போய், உரிய கட்டளையைத் தட்டுவது சிறு வேலைதான். ஆனால் மனம் கூர்மையாக இருக்கும் காலைப் பொழுதை அது தின்றுவிடுகிறது. இந்த அமைப்பை ஒரு கோப்பில் ஒரு முறை எழுதிவைத்து, ஸெல்லிஜைத் திறக்கும்போது லேஅவுட் என்னும் தெரிவோடு அக்கோப்பின் பெயரைத் தந்தால், யாவும் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடும்.

கோப்பு எழுதப்படும் மொழி கே.டி.எல். எனப்படுவது. ஆதியில் யாமல் மொழியில் இருந்த ஏற்பாடுகள் 2022-இல் வந்த 0.32-ஆம் பதிப்பில் இதற்கு மாற்றப்பட்டன. பழைய உதாரணங்களைப் பிரதி செய்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். மொழியின் முறை எளிமையானது. லேஅவுட் என்று எழுதி நெளிவு அடைப்பைத் திறக்கிறோம். அதனுள் டேப்களும், டேப்களுக்குள் கட்டங்களும், கட்டங்களுக்குள் கட்டங்களும் வருகின்றன. ஒரு கட்டத்துக்குள் இருப்பவை பக்கவாட்டில் நிற்கவேண்டுமா, மேலும் கீழுமாக நிற்கவேண்டுமா என்பதையும், சதவீதத்தில் அளவையும், எந்த அடைவில் தொடங்கவேண்டும் என்பதையும், எந்தக் கட்டளை ஓடவேண்டும் என்பதையும் குறிப்பிடலாம். கட்டளையின் அங்கங்களைக் கட்டளையோடு சேர்த்து ஒரே மேற்கோளுக்குள் எழுதக்கூடாது; அவற்றுக்கென்று கட்டத்தின் அடைப்பினுள் ஆர்க்ஸ் என்று தனி வரி உண்டு.

வெற்றுத்தாளில் தொடங்க அஞ்சுபவர்களுக்கு நல்லதொரு குறுக்குவழி: வேண்டிய அமைப்பைக் கையாலேயே ஒரு முறை திரையில் அமைத்துவிட்டு, ஸெல்லிஜ் ஆக்ஷன் டம்ப்-லேஅவுட் என்று கட்டளையிட்டால், இருக்கும் அமைப்பையே கோப்பின் வடிவில் எழுதித் தரும். அதை உங்கள் ஹோம் அடைவிலுள்ள கான்ஃபிக் அடைவினுள், ஸெல்லிஜின் லேஅவுட்ஸ் அடைவில் சேமித்து, வேண்டாதவற்றை நீக்கிச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.

தாமே எழுதுபவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் திகைப்பார்கள். புதிய லேஅவுட்டோடு திறந்தால் மேலே டேப்களின் வரியும், நான் இத்தனை புகழ்ந்த அடிவரியும் காணாமற் போயிருக்கும். காரணம், அவ்விரண்டும் ஸெல்லிஜின் உடலோடு பிறந்தவை என்றில்லாமல், சொருகு என்று சொல்லத்தக்க பிளகின்களாக, ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டத்தில் ஓடுபவை. லேஅவுட்டில் அவற்றையும் சொல்லாவிடில் அவை வாரா. எல்லா டேப்களுக்கும் பொதுவான வார்ப்பு ஒன்றை லேஅவுட்டின் தொடக்கத்தில் எழுதி, அதில் மேலே டேப் வரியையும் கீழே அடிவரியையும் வைத்து, நடுவில் சில்ட்ரன் என்று இடம் விட்டால் குறை தீரும்.

கட்டளை குறிப்பிடப்பட்ட கட்டத்தின் மற்றொரு குணம், டெஸ்ட்களை ஓட்டுபவர்களுக்கு மிக்க பயன் தருவது. கட்டளை முடிந்ததும் கட்டம் மறைந்துவிடாமல், அது எந்த எண்ணோடு முடிந்தது என்பதைச் சட்டத்தில் காட்டிக்கொண்டு காத்திருக்கும். என்ட்டர் விசையை அழுத்தினால் அதே கட்டளையை மீண்டும் ஓட்டும். லேஅவுட் இல்லாமலும் ஸெல்லிஜ் ரன் என்று எழுதி, இரு கோடுகளுக்குப் பின் கட்டளையைத் தந்து இதே பலனைப் பெறலாம்.

பின்னோக்கிப் பார்த்தல்

ஓடிக் கடந்துபோன வரிகளைத் தேடுவது லாகுகளோடு மல்லாடுபவரின் அன்றாட வேலை. ஒவ்வொரு கட்டமும் இயல்பாகப் பத்தாயிரம் வரிகளை நினைவில் வைத்திருக்கும். பின்னோக்கிப் பார்க்கும் நிலைக்குப் போய் மேலும் கீழும் நகரலாம், சொல்லைத் தேடலாம். அங்கே இ என்னும் எழுத்தை அழுத்தினால், அந்தக் கட்டத்தின் முழு வரலாறும் உங்கள் எடிட்டரில் திறந்துவிடும். எடிட்டரின் தேடும் திறன் முழுவதும் அப்போது உங்கள் கையில். பிரதி செய்வதற்கு மௌஸால் தெரிவுசெய்தாலே போதும். பக்கத்துக் கட்டத்தின் எழுத்துகள் கலந்துவிடாமல் அந்தக் கட்டத்துக்குள் உள்ளவை மட்டும் வரும். உங்கள் டெர்மினல் அதற்கான சமிக்ஞையை ஏற்குமாயின், சர்வரில் தெரிவுசெய்தது உங்கள் கணினியின் கிளிப்போர்டுக்கே வந்து சேரும். ஏற்காத டெர்மினலில், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு தெரிவுசெய்தால் ஸெல்லிஜ் விலகி நிற்க, டெர்மினலின் சொந்தத் தெரிவு முறை வேலை செய்யும்.

புத்துயிரின் எல்லை

சர்வர் மறுதொடக்கம் செய்யப்பட்டால் எந்த மல்டிபிளெக்ஸரும் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமைக் காக்க இயலாது. ஸெல்லிஜ் செய்வது வேறு. அது செஷனின் அமைப்பையும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கட்டளை ஓடியது என்பதையும் அவ்வப்போது வட்டில் எழுதிவைக்கிறது. 2023-இல் வந்த 0.39-ஆம் பதிப்பிலிருந்து, முடிந்துபோன செஷனையும் பெயர் சொல்லி அட்டாச் செய்தால் அந்த அமைப்பை மீண்டும் நிறுவித் தருகிறது. கட்டளைகளை மட்டும் தானாக ஓட்டாமல், என்ட்டர் அழுத்தினால் ஓட்டுகிறேன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் காத்து நிற்கிறது. கோப்புகளை அழிக்கும் கட்டளையோ, டேட்டாபேஸை மாற்றும் கட்டளையோ கேளாமலே இரண்டாம் முறை ஓடினால் விளையும் அனர்த்தத்தை எண்ணிப்பார்த்தால் இந்த நிதானத்தின் அருமை புலப்படும். ஆதலால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருப்பதைப் படித்த பின்னரே என்ட்டரை அழுத்துங்கள். புதிய பதிப்புக்கு மாறும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் செஷன்களை முறையாக முடித்துவிட்டு மாறுவதே பத்திரம்.

இதுவரை சொன்னவை தனியொருவரின் வேலைக்கு. ஒரே செஷனில் இருவர் அட்டாச் செய்துகொண்டு சேர்ந்து வேலை செய்யவும் இயலும். ஒருவர் ஒரு டேபிலும் மற்றவர் வேறொன்றிலும் இருக்கலாம், ஒவ்வொருவருடைய கர்சர்க் குறியும் தனி நிறத்தில் தெரியும். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்க இது அருமையான வழி. ஆயினும் இருவரும் சர்வரில் ஒரே பயனர் கணக்கின் பேரிலேயே வேலை செய்வதால், அந்தக் கணக்கின் அதிகாரம் முழுவதும் இருவர் கையிலும் இருக்கிறதென்பதை மறவாதீர்கள். ஒரு டேபிலுள்ள எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே நேரத்தில் தட்டச்சை அனுப்பும் வசதியும் உண்டு. பல சர்வர்களில் ஒரே கட்டளையை ஓட்ட அது உதவும், பிழையையும் அத்தனை சர்வர்களில் பெருக்கும்.

எங்கே டீமக்ஸே மேல்

நினைவகம் மிகக் குறைந்த சிறு யந்திரங்களிலும், எதையும் புதிதாக நிறுவக்கூடாதென்ற கட்டுப்பாடுள்ள சர்வர்களிலும் டீமக்ஸையே உபயோகியுங்கள். அது சிக்கனமானது, பல இடங்களில் ஏற்கெனவே இருப்பது. செஷன், விலகல், மீள்தல் என்னும் கருத்துகள் இரண்டிலும் ஒன்றே. சொந்தக் கணினியிலும், தினமும் புழங்கும் டெவலப்மென்ட் சர்வரிலும் ஸெல்லிஜ், அந்நியமான சர்வர்களில் டீமக்ஸ் என்று வைத்துக்கொள்வதில் முரண்பாடில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்குப் பிரத்தியேகமாக ஒன்று. டெர்மினல் என்பது சம அளவுள்ள சிற்றறைகளாலான பலகை. ஓர் எழுத்து எத்தனை சிற்றறைகளைப் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டால்தான் அடுத்த எழுத்தின் இடம் தெரியும். மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஓர் உருவாகும் நம் எழுத்துமுறையில் இந்தக் கணக்கு எல்லாப் புரோகிராம்களிலும் ஒரே விதமாக இல்லை. ஷெல் ஒரு விதமாகவும் டெர்மினல் ஒரு விதமாகவும் கணக்கிட்டாலே குறி இடம் தவறும். நடுவில் தானும் ஒரு சித்திரத்தை வைத்திருக்கும் மல்டிபிளெக்ஸர் வரும்போது மூன்றாவது கணக்கும் சேருகிறது. கோப்பில் உள்ள எழுத்து இதனால் கெடுவதில்லை. திரையில் தெரியும் இடமே பிசகுகிறது. எங்கே பிசகு என்று அறிய, அதே தமிழ் வரியை முதலில் ஸெல்லிஜ் இல்லாமல் வெறும் டெர்மினலிலும், பிறகு ஸெல்லிஜினுள்ளும் காட்டிப் பாருங்கள். முன்னதில் சரியாகவும் பின்னதில் தவறாகவும் தெரிந்தால், அந்த வரியையும், டெர்மினலின் பெயரையும், எழுத்துருவின் பெயரையும், ஸெல்லிஜின் பதிப்பு எண்ணையும், இரு திரைகளின் படங்களையும் சேர்த்துத் திட்டத்தின் பிழைப் பதிவில் எழுதுங்கள். மூலநிரல் திறந்திருப்பதால், ரஸ்ட் அறிந்தவர்கள் எழுத்தின் அகலத்தைக் கணக்கிடும் பகுதியைத் தாமே திறந்து பார்க்கவும் முடியும்.